உன் நாவலில் ஆவி ஏன் இருமுகிறது?

தம்பி, உன் நாவலைப் படித்து முடித்துவிட்டேன். செனாவாங் தொழிற்சாலை கேன்டீனில் காலைச் சமையலை முடித்து, மத்தியானம் மம்பாவ் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். பெற்றவள் சொன்னால் கணக்கில் வராது என்பாய். பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை, அதனால் நம்பலாம். சிரம்பான் பழைய கடைவரிசையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் மந்திரவாதி, போலீசுக்குப் பிடிபடாததை எல்லாம் பிடிக்கிறவன், முதல் அத்தியாயத்திலேயே தன் நாற்காலியில் செத்துக் கிடக்கிறான். பிறகு ஆவியாக எழுந்து, தன்னைக் கொன்றது யார் என்று தானே துப்பறிகிறான். கதவைத் திறக்க முடியவில்லை, காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை, பேசினால் மனிதர் யாருக்கும் கேட்கவில்லை. அந்த இடங்களை எல்லாம் ரசித்துத்தான் படித்தேன்.

பாதியிலேயே கொலைகாரி யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மந்திரவாதியின் மனைவி. காவல் கயிற்றை அவிழ்த்து அவனைக் காட்டிக்கொடுத்தவள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மாயாவியைத் தப்பவிட்டவள். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவள், புருவத்தில் தழும்புள்ளவள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தேன். தழும்பை நீ சரியான பக்கத்தில்தான் எழுதியிருந்தாய்.

கோபம் வரவில்லை. சந்தேகம் வந்தது. தோட்டத்தில் நடந்த அந்த விஷயம் உனக்குத் தெரியாது. நீ அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தாய். நான் உன்னிடம் சொன்னதில்லை. அப்படியானால் யார் சொன்னது? என்னோடு பழம் பொறுக்கிய புஷ்பமா? அவள் என்னோடு பேசாவிட்டாலும் என்னைப் பற்றிப் பிறரிடம் பேசுகிறவள் இல்லை. கோயில் தலைவரா? அவர் படுத்த படுக்கை. இப்படி ஒவ்வொரு முகமாக நினைத்து நினைத்துத் தள்ளிக்கொண்டே படித்தபோதுதான் அந்த இருமலைக் கவனித்தேன். உன் ஆவி பேச வாயெடுக்கும் போதெல்லாம் இரண்டு முறை வறட்டு இருமல் இருமுகிறது. ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். புத்தகம் முழுக்க இருமுகிறது. உன் அப்பா இருமுகிறவர் இல்லை. கடைசிக் காலத்து நோயை நினைத்து எழுதினாயோ என்று பார்த்தால், அவருக்குக் கெட்டது சிறுநீரகம், நெஞ்சு இல்லை. பேசுவதற்கு முன்னால் இரண்டு முறை இருமுகிற மனிதர் நம் தோட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். சிகரெட் புகைத்துப் புகைத்து வந்த இருமல் அது. வீரையா உன்னைத் தேடி வந்தாரா தம்பி, இல்லை நீ அவரைத் தேடிப் போனாயா?

போன வாரம் நீ புத்தக வெளியீட்டுக்குக் கூப்பிட்டுப் போனில், "பட்டுச்சேல கட்டிக்கிட்டு வாங்கம்மா, நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும்" என்றாய். "ஒரு சிறப்பு விருந்தினரு இருக்காரு, யாருன்னு சொல்லமாட்டேன்" என்றும் சொல்லிச் சிரித்தாய். அந்த விருந்தினர் யார் என்று இப்போது புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை ரந்தாவ் மண்டபத்தில் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் நடந்ததை என் வாயால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பாவை ஊர் மைக்காரர் என்று கூப்பிட்டது உனக்குத் தெரியும். பகலில் ட்ராக்டரில் செம்பனைக் குலை ஏற்றுவார். யார் வீட்டிலாவது பொருள் காணாமல் போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் எடுத்தவன் முகம் தெரியும் என்று நம்பினார்கள். ரந்தாவ் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஆள் வரும். நீ அவரை உன் கதையில் நெருப்பு வீசுகிறவராக ஆக்கியிருக்கிறாய். அவர் செய்தது வேறு. புஷ்பத்தின் சங்கிலி தொலைந்ததே, அதைச் சொல்கிறேன். அவர் போனார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வீட்டில் இருந்த எல்லோரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கெழம மை போடுறேன். மையில மொகம் தெரிஞ்சிட்டா நான் மறைக்க முடியாது. அதுக்குள்ள எடுத்தவங்க வச்சிட்டா, அப்புறம் மை எதுக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு முன்பே சங்கிலி அரிசி டின்னுக்குள் கிடந்தது. "அரிசி டின்னுக்கு எப்படிண்ணே போச்சி?" என்று புஷ்பம் கேட்டாள். "பொருளு வந்திருச்சில்ல, வெளக்கு ஏத்தும்மா" என்று மட்டும் சொன்னார். யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஏனென்றால் அவருக்குச் சொன்னதே நான்தான். குழாயடியிலும் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகையிலும் உதிரிப் பழம் பொறுக்கும் இடத்திலும் பெண்கள் பேசுவதை எல்லாம் நான் கேட்டுக்கொண்டு வருவேன். யார் வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போயிற்று, யார் திடீரென்று புது கைப்பேசி வைத்திருக்கிறான் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். ஒரு வார்த்தை வெளியே போகாது. பெயர் சொல்வதில்லை என்பதை ஒரு விரதம் போல வைத்திருந்தார். நானே ஒருமுறை, "தெரிஞ்சும் ஏன் சொல்லமாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன். "பேரு சொன்னா அந்தக் குடும்பமே இந்தத் தோட்டத்துல தல நிமிர முடியாதுலா. நான் என்ன ஜட்ஜா?" என்றார். உன் நாவலில் மந்திரவாதி ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யாராவது ஒரு குற்றவாளியின் பெயரைக் கத்துகிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உன் அப்பா இல்லை.

அவர் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கருமாதி முடிந்து நீ சிங்கப்பூருக்குப் போனாய். கொஞ்ச நாளில், முன்பு எப்போதோ காணாமல் போன ஒரு கேஸ் சிலிண்டர் ஒரு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு சேவல். அப்புறம் ஒரு பெண்ணின் கொலுசு. உயிரோடு இருக்கும்போது மனிதர், வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுப்பார். ஆவியோ எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று திருடியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. லயத்து வீட்டு வரிசை ஓரத்தில், அவர் வேலை முடிந்து உட்காரும் ரம்புத்தான் மரத்தடியில், யாரோ வெற்றிலை வைத்தார்கள். யாரோ தகரக் கூரை போட்டார்கள். சிகரெட் பற்றவைத்து நட்டுவைத்தார்கள். உன் அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை. செத்த பிறகுதான் பழகினார் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். பிடித்திருந்தது தம்பி. மைக்காரர் வீட்டம்மா என்று கடையில் முதலில் எனக்குச் சாமான் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் இல்லாதவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சுகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் வீரையாவுக்கு இடம் கிடைத்தது.

வீரையா யார் என்று உனக்கு அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடியும். மைக்காரரின் உயிர்த்தோழன் என்று சொல்லியிருப்பார். அவர் பழைய மண்டோர், ஆட்களை வேலை வாங்கியவர். அவர் விசில் அடித்தால், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆட்கள் எல்லாம் ஓடிவந்து நின்ற காலம் உண்டு. தோட்டத்து வேலை முழுவதும் கன்ட்ராக்டர் கைக்குப் போய், குலை வெட்டுக்கும் வெளிக்காட்டு வேலைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்த பிறகு, அவரைக் கேட்டுச் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. கோயில் கமிட்டியில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. ஆடி மாதத் திருவிழாவில், அந்த மனிதர் மேல் உன் அப்பா இறங்கினார். இரண்டு இருமல், அப்புறம் அப்பாவின் குரல் போல ஒரு குரல். "அண்ணன் வந்துட்டாரு, அண்ணன் வந்துட்டாரு" என்று கூட்டம் விழுந்து கும்பிட்டது. நான் பின்னால் நின்று பார்த்தேன். என் புருஷன் என்னைப் பார்க்காமல் கோயில் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாரே என்று அன்றைக்கே தோன்றியது. ஆனாலும் சும்மா இருந்தேன். ஆடு எங்கே மேய்கிறது, மாப்பிள்ளை எந்தத் திசையில் வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தவரால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

அப்புறம் மாரியம்மன் கழுத்துப் பொட்டுத்தாலி காணாமல் போயிற்று.

தோட்டமே கலங்கிப்போயிற்று. கோயில் சாவி யார் யாரிடம் இருந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். பழக்கதோஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜையில் வீரையா இருமினார். இரண்டு தடவை. "நான் மையில பார்த்துட்டேன்! கோயில் பின்னால புல்லு வெட்டினான்ல, அந்தப் பங்களாக்காரன்! ஜமால்! அவந்தான்!" என்று கத்தினார்.

ஜமாலை உனக்குத் தெரியாது. உன் நாவலில் கண்ணில் பச்சை வெளிச்சம் உள்ள மாயாவி ஒருவன் வருகிறானே, உனக்குக் கதை சொன்னவர் கணக்கில் அது இவன்தான். வங்காளதேசத்துப் பையன், தோட்டத்தார் வாயில் பங்களாக்காரன். உன் அப்பா ஏற்றுகிற குலைகளை வெட்டுகிறவன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அப்பாவால் ட்ராக்டரில் ஏற முடியாமல் போன காலத்தில் கையைப் பிடித்து ஏற்றிவிட்டவன். நீ இல்லாத குறையை அவன் தீர்த்தான் என்று சொல்லி உன்னைக் குத்த வரவில்லை. நீ சம்பாதிக்கப் போயிருந்தாய், அவனும் அதற்குத்தான் வந்திருந்தான். புல் வெட்டச் சொன்னதுகூடக் கமிட்டிதான், அவனாகப் போகவில்லை.

இளவட்டங்கள் ஓடிப்போய் லயத்திலிருந்து அவனை இழுத்துவந்தார்கள். குளித்துக்கொண்டிருந்தவன், தலையில் சோப்பு நுரை இருந்தது. யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். "நான் எடுக்கலே அக்கா, அல்லா மேல, நான் எடுக்கலே" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். அங்கே அவனுக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான். ஒருவன் கன்ட்ராக்டருக்குப் போன் போட்டான். "பிடிச்சு வைங்க, பெர்மிட்ட வெட்டி ஊருக்கு அனுப்பிடுறேன்" என்று அந்தப் பக்கம் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"வீரையா, யாரு பேசுறது?" என்றேன்.

"நாந்தான். ஒன் புருஷன்."

"எம்புருஷன் பேரு சொல்லமாட்டாரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "உசிரோட இருந்தப்ப மனுஷனுக்குப் பயந்தேன். இப்ப எனக்கு யாருகிட்ட பயம்?"

நல்ல பதில்தான் தம்பி. கூட்டமும் அதுதான் சரி என்பதுபோல முனகியது. "அண்ணி, சாமிகிட்ட எதுத்துப் பேசாதீங்க" என்று ஒருவன் என் கையைப் பிடித்தான். உன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் எவ்வளவு சொன்னாலும், ஆவிக்கு வேறு சட்டம் என்று அவர் சொல்லிக்கொண்டே போகலாம். அந்த ஆவியை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. மைக்காரர் என்று ஒருவரே இல்லை என்று சொல்லவேண்டும்.

சொன்னேன். "அது வெளக்குக் கரி. நாந்தான் வெளக்கெண்ணெ ஊத்தி எரிச்சு வழிச்சுக் குடுப்பேன். அதுல எந்த மொகமும் தெரியாது. நீங்க கொழாயடியில பேசுனததான் அவரு பார்த்தாரு. நாந்தான் கொண்டுபோயிச் சொன்னேன். உசிரோட இருந்தப்பவே மையில ஒண்ணும் தெரியல, செத்தப்புறம் எங்கேருந்து தெரியும்?"

வீரையாவின் இருமல் நின்றுவிட்டது. புஷ்பம்தான் முதலில் பேசினாள். "அக்கா, எந்தம்பியப் பத்தி நான் ஒங்கிட்ட அழுதேனே. அதையுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "அதையும்தான்" என்றேன்.

"ஒன்ன நம்பித்தானேக்கா சொன்னேன்" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள், என்னைத்தான் திட்டினார்கள். அந்தச் சத்தத்தில் ஜமாலைப் பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்தது. கோயில் தலைவர் மெல்ல எழுந்து, "சாட்சி இல்லாம யாரையும் ஒப்படைக்க வேணாம். விடுங்க அவன" என்றார். அவன் ஓடவில்லை. என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், நான் ஏன் தோட்டத்தை விட்டு மம்பாவுக்கு வந்தேன் என்று. கூரை ஒழுகுகிறது என்று உன்னிடம் சொன்னேன். கூரை நன்றாகத்தான் இருந்தது. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். மரத்தடியில் வெற்றிலை வைப்பது நின்றது. அதைவிடப் பெரிய நஷ்டம், பொருள்கள் திரும்பி வருவதும் நின்றது. ஒரு நாள் ஒரு பெண் என் வாசலில் வந்து நின்று, "சிலிண்டரக் காணோம். முன்ன மாதிரின்னா வந்திருக்கும். இப்ப நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?" என்று கேட்டாள். இல்லாத ஒன்றுக்குப் பயந்து ஒரு தோட்டம் ஓரளவு ஒழுங்காக இருந்தது. அதை நான்தான் கெடுத்தேன் என்று அவர்கள் சொன்னால், அது முழுப் பொய் இல்லை. சில நாள் என்மேலேயே சந்தேகம் வரும். ஜமாலுக்காகத்தான் முன்னால் போனேனா, இல்லை, இன்னொருவர் என் புருஷன் குரலில் பேசியதைப் பொறுக்க முடியாமல் போனேனா? இன்றைக்கும் தெரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மன் தாலி இன்றுவரை வரவில்லை. யார் எடுத்தது என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. கேட்காதே, சொல்லமாட்டேன். வீரையாதான் என்று நான் சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளாதே. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன ஒருவர் போதும். எழுதுகிறவன் நீ, அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருவர் தானாகத் தேடிவந்து உனக்குக் கதை கொடுத்தால் வாங்கிக்கொள். ஆனால் அந்தக் கதையில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார். வீரையா சொன்ன கதையில் வீரையா எங்கே நின்றார்? உன் நாவலில் அவரைப் போல ஒருவரைத் தேடினேன். காணவில்லை. ஆவியின் இருமலில் மட்டும்தான் இருக்கிறார்.

மனைவியை மாற்றி எழுது என்று கேட்கமாட்டேன். அச்சாகிவிட்டது, கதை உன்னுடையது. அவள் நல்ல கொலைகாரி, படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு உறைத்தது வேறு. உன் மந்திரவாதி, செத்தவர்களை விசாரிக்கிறான், குட்டிச்சாத்தானை விசாரிக்கிறான், சிரம்பான் ஏரிக்கரைப் பூனையைக்கூட விசாரிக்கிறான். மனைவியிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆவி கேட்டாலும் அவள் காதில் விழாது என்பாய். சரி. உனக்கு வாய் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. வீரையா சொன்ன அன்றைக்கே, "ஏம்மா அப்பாவ அப்படிச் சொன்னீங்க?" என்று நீ கேட்டிருக்கலாம். நானும் கூரையைச் சாக்குச் சொல்லாமல் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இந்த ஒன்றில் நீ என் பிள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பட்டுச்சேலை வேண்டாம், பருத்தி போதும். விளக்கும் ஏற்றுகிறேன். வீரையாவை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே, கூப்பிட்ட விருந்தாளியை அவமானப்படுத்தக் கூடாது. அவருக்கும் வயதாகிவிட்டது. ஜமால் இப்போது செனாவாங்கில் ஒரு நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறான், நேற்று கேன்டீனுக்குச் சாப்பிட வந்தான். என் மகன் புத்தகம் எழுதியிருக்கிறான், ரந்தாவில் வெளியீடு என்று சொன்னேன். "அவங்கல்லாம் இருப்பாங்களா அக்கா?" என்று கேட்டான். இருப்பார்கள் என்றேன். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டான். அப்புறம், "நான் மோட்டார்ல கூட்டிட்டுப் போறேன். நல்ல சட்ட ஒண்ணு இருக்கு" என்றான்.

முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு இடம் வை.

அம்மா